கடற்கரையில் அக்கா வீட்டில் எட்டு நாள்



ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எழுத விஷயம் இருந்தது, மனசுதான் இடம் கொடுக்கவில்லை. அக்காவும் அத்தானும் ஊழியத்தை விட்டு ஏன் ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு பேச்சு, அனுப்பிய இடத்தில் மனஸ்தாபம் என்று ஒரு பேச்சு. இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்ததும் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தான் ஒரே ஒரு திருத்தம் சொன்னார், அதையும் செய்துவிட்டேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு அக்காவைத் தெரியாது. அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். அரசு மருத்துவமனையில் 33 வருடம் நர்ஸாக இருந்தாள். அத்தான் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் குடும்பமாக இருக்கிறார்கள். 2017-இல், எல்லோரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரும் வயதில், இவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரைக்குப் போனார்கள். பெரியபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்ன ஜெபவீடு, பதினொரு குடும்பம். சம்பளம் கிடையாது, பென்ஷனில்தான் ஜீவனம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் முதலானவர்கள் முன்னின்று, தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு இங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். மாசக் கடைசியில் அது ஊழியத்துக்குப் போகும். நானும் அக்காவும் அந்தக் கலயத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். நான் அரிசி போடுகிறவளாகவே இருந்துவிட்டேன். அக்கா கிளம்பிவிட்டாள்.

ஆனால் எனக்கு அத்தான்மேல் உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. அவர்தான் ஆசைப்பட்டு அக்காவை இந்த வயதில் உப்புக் காற்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். 2019-இல் என் வீட்டுக்காரர் போனபிறகு அந்தக் கோபம் கூடிப்போயிற்று. பக்கத்துத் தெருவில் அக்கா வீடு பூட்டிக் கிடக்கும். அதைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகவேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கு மறக்காது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்குமேல் மழை. ஏரல் பக்கமெல்லாம் ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். நான் பக்கத்து மாடியில் இரண்டு ராத்திரி இருந்தேன். தண்ணீர் வடிந்தபிறகு அக்கா வீட்டைத் திறந்தால், அத்தானின் புத்தக அலமாரி கீழ்த்தட்டு மூன்றும் களிமண். போனில் சொன்னேன். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பத்திரமா இருக்கியாம்மா, அது போதும்" என்றார்.

அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சித்தி, நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பா. போய்க் கூட்டிட்டு வந்துருங்க." எனக்கும் அது வசதியாக இருந்தது. பிள்ளைகள் சொன்னார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அக்கா எனக்கு வேண்டும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தேன். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி போய், அங்கிருந்து சாயல்குடி, கீழக்கரை வழியாக பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஆண்கள் சட்டையைச் சேலைமேல் போட்டு, விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாசி எடுக்கப் போகிறவர்கள். வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், கழுத்தளவு தண்ணீரிலும் அதற்குமேலும் மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று பாசிக்குப் பெயர். அகர் அகர் என்று கடையில் வாங்கி நாம் கடல்பாசி அல்வா செய்கிறோமே, அது இவர்கள் முங்கி எடுப்பதில் இருந்து வருவது. எனக்கு அன்றுவரை தெரியாது. ஐந்தாம் வகுப்புக்குத் தாவரங்கள் பாடம் எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்!

அக்கா ஒவ்வொருத்தியையும் பார்த்து ஒன்று கேட்கிறாள். "காது வலி எப்படி இருக்கு?" "நேத்து கட்டுன கட்டை அவுத்துட்டியா?" "காலையில ஏதாவது குடிச்சியா?" ஒரு பெரிய பிளாஸ்கில் வறக்காப்பி. கருப்பட்டி நம் ஊரிலிருந்து நான் கொண்டுபோனது. அவர்கள் போனபிறகு அக்கா சொன்னாள்: "வந்த புதுசுல இவங்களுக்கு ராமநாதபுரத்துல கையுறை வாங்கிக் குடுத்தேன் பாத்துக்கோ. ஒருத்தியும் போடல. எனக்குக் கோவம். ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஒரு அம்மா சொன்னா, 'கையுறை போட்டா பாசி எது பாறை எதுன்னு விரலுக்குத் தெரியாதுல்ல தாயி, அதான்'னு. முதல்ல கேட்டுட்டு வாங்கிருக்கணும்."

அவர்கள் தினமும் போவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய கணக்கு வைத்து மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான். பாசி மறுபடி வளர வேண்டும் என்று அந்தப் பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 1986-இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளையும் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தபிறகு தீவில் இறங்க முடியாது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்குப் பயந்து பயந்து போகவேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தோடு, நாமே பொறுப்பாக இருந்து காட்டவேண்டும் என்ற ரோஷமும் அவர்களுக்கு இருக்கிறது.

ஐந்து மணிக்கு இருவரும் ஜெபத்துக்கு உட்காருவார்கள். அத்தானிடம் ஒரு பழைய தபால் ஆபீஸ் லெட்ஜர் இருக்கிறது. அதில் ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பெயரும் உண்டு. ஜெபவீட்டுக் குடும்பங்கள் மட்டுமில்லை, கோவில் வீட்டுக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர், பள்ளிவாசல் தெருக்காரர், எல்லோரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அக்கா பெயரை வாசிப்பாள், அத்தான் ஜெபிப்பார். முன்பு அத்தானே வாசிப்பார் என்று ஞாபகம். இப்போது ஏன் அக்கா வாசிக்கிறாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெபம் முடிந்ததும் தண்ணீர் வேலை. குழாய் இருக்கிறது, தண்ணீர் வரும் நாள் தெரியாது. குடிக்கிற தண்ணீர் குடம் விலைக்கு. வண்டி வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிறைக்க வேண்டும். மூன்றாம் நாள் நானும் அக்காவோடு போனேன். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். என் முழங்கால் அதற்குப்பின் இரண்டு நாள் மடங்கவில்லை. அக்கா ஏழு வருடமாகக் குனிந்து கோருகிறாள்.

ஏழு மணிக்கு அத்தான் டீக்கடைக்குப் போவார். கடையில் பெரியவர்களுக்குப் பேப்பர் வாசிப்பது அவர் வழக்கமாக இருந்ததாம். நான் போன சமயம் ஒரு பையன் வாசிக்க, அத்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குத் திண்ணையில் போஸ்ட் ஆபீஸ் திறந்துவிடும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாக வருவார்கள். மீனவப் பெண்கள் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு. அவர்கள் 1,500 ரூபாய் சேர்த்தால் அரசாங்கம் 3,000 போட்டு, தொழில் இல்லாத மாதங்களில் 4,500-ஆகத் திருப்பிக் கொடுக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு நிவாரணம். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு கணக்கு எண். அத்தான் எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். மத்தியானம் ஓரா மீனோ சூடையோ ஒரு கிண்ணத்தில் வரும். அக்கா அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டாள். இரண்டு முறுக்காவது இருக்கும். அந்த முறுக்கில் அத்தான் திருட்டுத்தனமாக ஒன்று எடுப்பதும், சுகர் இருக்கிற மனுஷன் என்று அக்கா கத்துவதும் தினசரி நடப்பு.

இரண்டு மூன்று மணிக்குப் பெண்கள் கரை திரும்புவார்கள். பாசியை மணலில் உலர்த்திவிட்டு அக்கா வீட்டுக் கொல்லைப்புறம் வருவார்கள். பாறை கிழித்த கால், முள் ஏறிய விரல், சொறி பட்டுத் தடித்த கை. அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவிக் கட்டுவாள். பெரியதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள், கூடவும் போவாள். பிள்ளைகள் அவளை "ஊசி ஆச்சி" என்கிறார்கள். அந்த ஊரில் அப்பத்தா, அம்மாயி என்பதுதான் வழக்கம். ஆச்சி என்ற சொல் நம் பக்கத்திலிருந்து அங்கே குடியேறிவிட்டது.

நாலாம் நாள் ராத்திரி அத்தானிடம் பட்டென்று கேட்டேன். "ஏழு வருஷத்துல என்ன அத்தான் நடந்துச்சு?"

"நான் வரும்போது பதினோரு குடும்பம். ரெண்டு குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. இப்ப ஒன்பது" என்று சிரித்தார். மாதா மாதம் அறிக்கைத் தாள் ஒன்று நிரப்பி அனுப்பவேண்டும். ஆராதனை எத்தனை, வந்தவர்கள் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். "உங்க அக்கா கட்டுன கட்டுக்கு அதுல கட்டம் இல்லம்மா. நான் கீழே மார்ஜின்ல எழுதி விடுவேன். அதை யாரும் கேட்டதில்ல."

எனக்கு அப்போது இடையன்குடி ஞாபகம் வந்தது. அதுவும் கடலுக்குப் பக்கம், தேரி மணல் ஊர். கால்டுவெல் ஐயர் 1841-இல் அங்கே வந்தார். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். மெரினாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1844-இல் அவரைக் கட்டிக்கொண்ட எலைசா அம்மா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள். தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவர். இடையன்குடியில் பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் நாலு காசு புழங்க வைத்தவர் அந்த அம்மா. இருவரும் இடையன்குடி கோவிலிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். ஐயரைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பு எழுதினோம். அம்மாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. அத்தான் கூப்பிட்டாருன்னுதான வந்த?"

அவள் சிரித்தாள். "ஏட்டி, அவரு எங்க கூப்பிட்டாரு? நான்தான் கூப்பிட்டேன். அவரு ஆறு மாசம் யோசிச்சாரு. ஆஸ்பத்திரியில முப்பத்து மூணு வருஷம் பெட் நம்பரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிட்டிருக்கேன். அவ்வளவு கூட்டம், வேற வழியில்ல. ரிட்டயர்டு ஆனப்புறம் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு புண்ணை ஆத்தணும்னு இருந்துச்சு. இங்க நான் போனா உக்காரச் சொல்லித் தண்ணி குடுக்காங்க. இதை விட்டுட்டு எப்படி வருவேன்?"

ஏழு வருடம் தப்பான ஆள்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

சாயங்காலம் டியூஷன். முதல் இரண்டு வருடம் தினமும் ஐந்து மணி என்று வைத்தார்களாம். சில நாள் இருபது பேர், சில நாள் இரண்டு பேர். பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்று அத்தான் வருத்தப்பட்டிருக்கிறார். பிறகுதான் கவனித்தார். பாசி நாளில் அம்மாக்கள் சோர்ந்து வருவார்கள், பாசியைப் பிரித்து உலர்த்துவது, சோறு பொங்குவது எல்லாம் பெண்பிள்ளைகள் தலையில். அதற்குப்பின் காலண்டரில் பாசி நாளைப் பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டார். வட்டம் போட்ட நாளில் ஏழு மணிக்கு, மற்ற நாளில் ஐந்து மணிக்கு. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். 36 வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு, வராத பிள்ளைக்கு 'ஆப்சென்ட்' போடத்தான் தெரிந்திருந்தது. பிள்ளைகளே, உங்களில் சிலரிடம் நான் இதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கணக்கு என்றால் பயம். அவள் அம்மாவுக்கு முங்கி முங்கிக் காது கெட்டுவிட்டது. பரீட்சையை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பதிலாகப் பாசிக்குப் போகிறேன் என்று நின்றாள். அக்கா அந்தத் தாயின் காதுக்கு மருந்து ஊற்றிக்கொண்டே பேசிப் பேசி, பரீட்சை வரைக்கும் என்று தவணை வாங்கி வைத்திருந்தாள். எட்டு நாளும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு என் பொறுப்பு. ஈரப் பாசியை நிறுத்து, காய்ந்தபிறகு நிறுத்து, அவள் வீட்டு எண்ணை வைத்தே விகிதமும் சதவீதமும் போட்டோம். "நம்ம பாசியில இம்புட்டுத் தண்ணியா டீச்சர்?" என்று அவள் ஆச்சரியப்பட்ட இடத்தில் பயம் கொஞ்சம் விலகியது. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அப்படி ஒரு இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவேண்டும் என்பது அத்தானின் ஆசை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அத்தானும் நானும் கரையில் உட்கார்ந்திருந்தோம். கொண்டல் காற்று நன்றாக இருந்தது. திடீரென்று சொன்னார்: "எனக்கு ஊருக்குப் போவணும்போல இருக்கும்மா. உங்க அக்காகிட்ட சொல்லிராத."

கண்தான் காரணம். சுகர் கண்ணைத் தின்றிருக்கிறது. போன வருடம் ஒரு அம்மாவின் விண்ணப்பத்தில் கணக்கு எண்ணில் 8-ஐ 3 என்று எழுதிவிட்டார். நாலு மாதம் பணம் வரவில்லை. அந்த அம்மா கடன் வாங்கியிருக்கிறாள். கடைசியில் கண்டுபிடித்துத் திருத்தி, வட்டியை அத்தான் தன் கையிலிருந்து கட்டினார். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "அவ திட்டியிருந்தா ஆறியிருக்கும். 'எம்புட்டுப் பேருக்கு எழுதுறீக ஐயா, ஒண்ணு ரெண்டு தவறத்தான் செய்யும்'னா பாரு. அன்னையிலேர்ந்து பேனா புடிக்கையில கை நடுங்குது. உங்க அக்காவுக்கு இந்த ஊருதான் உசுரு. நான் எப்படிப் போவோம்னு சொல்லுவேன்?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் அடுப்படியில் விளக்கு எரிகிறது. அக்கா தரையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அத்தான் அன்று எழுதிய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து எண்ணை எண்ணுக்கு நேர் வைத்துப் பார்க்கிறாள். ஒன்றில் தப்பு. அழித்து, அத்தானின் எழுத்தைப் போலவே எழுதினாள்.

என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தாள். "அவருகிட்ட சொல்லிராதட்டி. அவருக்கு அது ஒண்ணுதான் பெருமை. அதையும் புடுங்குனா உக்காந்துருவாரு."

பாருங்கள், இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்து, இரண்டு ரகசியமும் என் மடியில் வந்து விழுந்தது. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் நேருக்கு நேர் நிறுத்திப் பேசவிடுகிற பழக்கம் எனக்கு. மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் போட்டு உடைத்தேன். அத்தான் போகவேண்டும் என்கிறார், அக்கா ராத்திரி திருத்துகிறாள் என்று.

அக்கா என்னை முறைத்தாள். அத்தான் கையில் எடுத்த இட்லியைத் தட்டில் வைத்தார். "அப்ப ஒரு வருஷமா நான் எழுதுன எல்லாத்தையும் நீ திருத்துனியா?" என்று மட்டும் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர், மத்தியானம் சாப்பிட வரவில்லை. திண்ணையில் ஆட்கள் வந்து காத்திருந்து போனார்கள். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அது வகுப்பறை இல்லை, அவர்கள் சின்னப் பிள்ளைகளும் இல்லை. நாற்பத்து நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருப்பார்கள். நடுவில் நான் புகுந்து கதவை உடைத்திருக்கவேண்டாம். அதுவும் அக்காவை ஊருக்குக் கூட்டிப்போகும் ஆசை எனக்கு உள்ளே இருக்கும்போது.

நாலு மணிக்கு அத்தான் வந்தார். கூடவே அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இன்னொருத்தியும். திண்ணையில் இருவரையும் உட்கார வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. எழுதி முடிச்சதும் அவ எண்ணை இவ வாசிக்கணும், இவ எண்ணை அவ வாசிக்கணும். தபால் ஆபீஸ்ல எப்பவும் ரெண்டு கண்ணு பாக்கணும்." உள்ளே பார்த்து, "எனக்குத் தெரியாம ஒரு வருஷம் அந்த ரெண்டாவது கண்ணு வேலை பாத்திருக்கு" என்றார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போனாள். அன்றைக்கு அவர் எடுத்த முறுக்கை யாரும் எண்ணவில்லை.

மறுநாள் இருவரும் கடற்கரையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. ராத்திரி அக்கா சொன்னாள்: "பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும். மே மாசம் வாரோம். அதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டும் எழுதப் படிச்சிரும்." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. எனக்குள் சந்தோஷம் இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்றும் எனக்குத் தெரியும்.

மே 10-ஆம் தேதி பத்தாம் வகுப்பு ரிசல்ட். அந்தப் பிள்ளை கணக்கில் 61. என்னிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாள். மே கடைசியில் அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். வழியனுப்ப ஊரே வந்ததாம். வந்த புதிதில், "எதுக்கு எங்க ஊருக்கு வந்துருக்கீக?" என்று ஊர்க்கூட்டத்தில் எழுப்பிக் கேட்ட பெரியவர், காய்ந்த பாசி ஒரு பொட்டலம் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாராம். அது இப்போது அவள் சாமான் அலமாரியில் இருக்கிறது. அல்வா செய்ய மனசில்லை.

அத்தானுக்குக் கண்ணில் லேசர் சிகிச்சை ஆயிற்று. இனிமேல் கெடாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். பெரிய எழுத்து வாசிக்கிறார். அக்கா முதல் இரண்டு மாதம் நாலரை மணிக்கு எழுந்து வாசலில் போய் நிற்பாள். யாரும் வரமாட்டார்கள். இங்கே காலண்டரிலும் பச்சை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்த நாட்களில் சாயங்காலம் போன் போட்டு ஒவ்வொருத்தியின் காலையும் காதையும் விசாரிக்கிறாள். நான் இப்போது அவள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். எனக்குக் கிடைத்தது அவளுக்குப் போனது என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது.

அத்தான் சொன்ன திருத்தம் இதுதான். "நான் ஊழியம் செய்தேன், அவள் துணை நின்றாள் என்று யாராவது படித்துவிடப்போகிறார்கள். அவள் ஊழியம் செய்தாள், நான் விண்ணப்பம் எழுதினேன் என்று போடு" என்றார். போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திண்ணை போஸ்ட் ஆபீஸை அந்த இரண்டு பிள்ளைகளும் சனி, ஞாயிறு நடத்துகிறார்கள். டியூஷனுக்குத்தான் ஆள் இல்லை. என்னிடம் படித்தவர்களில் ராமநாதபுரம், மண்டபம் பக்கம் வேலையில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் போக முடியுமா? கணக்கும் இங்கிலீஷும் போதும். எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். அது பாசி நாளா இல்லையா என்று அக்காவிடம் கேட்டு, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்